மேற்பார்வையாளரின் வாயை அடைத்த விலாங்கு

ஸ்பீக்கர் தொழிற்சாலையில் பதினோரு வருடம் கம்பி சுற்றியவள், அதை இழுத்து மூடியதும் மீன் காட்சியகத்தில் தொட்டி கழுவ வந்து சேர்ந்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் தொட்டியக்கா.

மின்விலாங்கு அவள் பொறுப்பு. கலங்கல் ஆற்றுப் பிராணி அது, கண் சுமார்தான். உடம்பிலிருந்து மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் சுற்றிலும் என்ன இருக்கிறதென்று தடவிப் பார்த்துக்கொள்ளும். இரை அகப்பட்டால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் இறக்கிவிடும். தோள்வரை ரப்பர் உறை மாட்டாமல் அக்கா தண்ணீரில் கைவைக்கமாட்டாள்.

பழைய தொழில் சும்மா விடுமா? இரண்டு கம்பிகளைத் தொட்டிக்குள் இறக்கி, மறுமுனையை ஆம்ப்ளிஃபயரில் சேர்த்து, ஸ்பீக்கரும் மாட்டினாள். விலாங்கு சோம்பிக் கிடந்தால் ‘டக்... டக்’. மீனைப் போட்டால் கூடமே அதிரும்படி ‘சடசட’!

மேற்பார்வையாளர் தினமும் பத்து மணிக்கு ஊழியர்களை அந்தத் தொட்டி முன்னால்தான் நிற்கவைத்துக் காய்ச்சுவார். அக்கா தீனி நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றினாள்.

“ஒழுங்குன்னா என்னன்னு உங்களுக்கெல்லாம்...” என்று அவர் தொடங்குவார். தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு மீன் விழும். சடசட!

ஒரே வாரத்தில் அவர் சுருதி இறங்கிவிட்டது. “ஏன்க்கா, அதுக்கு என்னைக் கண்டா ஆகலியா?”

“உங்க உடம்புல கரண்ட் ஜாஸ்தி சார். அதுக்குப் பொறுக்கல” என்றாள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

மறுநாள் கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு வந்து நின்றார். சடசட!

கடைசியில் கால்நடை மருத்துவரை வரவழைத்தார். அவர் விலாங்கை உற்றுப் பார்த்துவிட்டு, “கோளாறு ஒண்ணுமில்ல. கொழுத்துப்போயிருக்கு. யாரு இப்படி வாரிப் போடறது?” என்றார்.

எல்லாக் கண்களும் அக்கா பக்கம் திரும்பின.

மேற்பார்வையாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போச்சு என்றே நினைத்து, ரப்பர் உறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். அவரோ கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. பேச ஆரம்பிச்சா ரெண்டு மணி நேரம் நிறுத்தமாட்டாரு.”

“தெரியும் சார்.”

“எத்தனை மீன் வேணும்?”

“மூணு போதும். அதுவரைக்கும் பட்டினி போடணும்.”

வெள்ளிக்கிழமை அதே தொட்டி முன்னால் தொடங்கிய முதலாளியின் பேச்சு நாலே நிமிடத்தில் படுத்துவிட்டது. போகிறபோது அவர் தொட்டி அருகே நின்று, “என் மேல இதுக்கு என்ன கோபம்?” என்று கேட்டார். மேற்பார்வையாளர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“கோபமில்லீங்க. கைதட்டுது.”

முதலாளிக்கு முகமெல்லாம் பல். “அப்படியா! அப்ப இனிமே மாசாமாசம் வந்து பேசறேன்.”

அப்போது மேற்பார்வையாளர் அக்காவைப் பார்த்த பார்வை, விலாங்கின் கணக்கில் சொன்னால் ‘சடசட’!