மூணு முத்து

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். கோழி கிளறியது போன்ற என் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துப் படியுங்கள். புதுத் தவிட்டின் வாசம் வந்தால் இன்றும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். அண்ணன்கள் மூவருக்குப் பின் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை என்பதால், என்னைப் பிறந்த அன்றே எதிர்வீட்டு அஞ்சலைக்கு ஒரு முறம் தவிட்டுக்கு 'வித்து', பிறகு அவள் பிள்ளையைத் தாங்கள் வளர்ப்பதாகப் பேர் பண்ணினார்கள். எமனை ஏமாற்றும் வழக்கம் அது. அதனால் அஞ்சலையை 'அம்மா' என்றும் பெற்றவளை 'அத்தை' என்றும் கூப்பிட்டே வளர்ந்தேன்.

எனக்குப் பத்து வயதான தை மாதம். குத்தகைக்காரனை இனி யாரும் வெளியேற்ற முடியாது என்று புது ஆட்சிக்காரர்கள் மேடையில் பேசியதைப் நிலத்துக்காரப் பண்ணையின் ஆட்கள் வயலில் மதிக்கவில்லை. குத்தகை வயலில் யார் அறுப்பது என்ற தகராறில் மண்டை உடைந்து செத்த அப்பாவை, வைக்கோல் பரப்பிய வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெற்றவள் தலைவிரித்துப் பாடினாள்:

"மூணு முத்துப் பெத்தேனே
மூணும் வாசல் நிக்குதய்யா
களத்து நெல்லு காயுமுன்னே
கண்ணமூடிப் போனீரே!"

நானும் அங்கேதான் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியண்ணன், "தவுட்டுப் பயலே, நீ ஏன்டா அழுவுற? செத்தது எங்கப்பா" என்றான்.

அஞ்சலை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "சாவு வீட்டுல ஒன்னையும் எண்ணுனா எமன் காதுல விழுந்துடும்டா. பெத்தவ ஒளிச்சு வச்சிருக்கா ஒன்ன" என்றாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை.

பிற்காலத்தில் அண்ணன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மூன்றாவது சாவில் பெற்றவள் பாடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றிவிட்டோம் என்ற பார்வையா, நீ மட்டும் ஏன் இருக்கிறாய் என்ற பார்வையா? கேட்கும் துணிவு எனக்கு வரவேயில்லை.

இப்போது அவளும் போய்விட்டாள். ஒப்பாரி தெரிந்த பெண்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. கும்பகோணத்திலிருந்து மைக் செட்டோடு ஒருத்தியை அழைத்துவந்தோம்.

"பாட்டுல வைக்கணும்ண்ணே, ஆத்தாவுக்கு எத்தன புள்ளைங்க?"

பக்கத்தில் என் ஒரே மகள் நின்றிருந்தாள்.

"மூணு" என்றேன்.

"நீங்க என்ன வேணும்?"

"எனக்கு அத்தை."

அவள் மூன்றையே பாடினாள். நான் கூட்டத்தோடு நின்று கேட்டேன்.

வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் எமன் காதில் விழாது என்று நினைக்கிறேன். அவள் என் அம்மா. அவளுக்குப் பிள்ளைகள் நாலு.

எழுதிய நாள்: அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை.