பார்க்டேலில் பான்ஷி: நான் கேட்கத் தவறிய கதை

சென்ற ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கனடாவில் நான் வசிக்கும் யூனியன்வில்லிலிருந்து நகரின் மறுகோடியிலுள்ள பார்க்டேலுக்குப் போனேன். காரணம் என் நாவலின் நான்காம் அத்தியாயம். அயர்லாந்தின் நாட்டார் கதைகளில் பான்ஷி என்றொரு பெண்ணுருவம் உண்டு. பழங்குடும்பங்களில் சாவு நிகழுமுன் தோன்றுபவள். அவளின் சாயலில் ஒருத்தியைப் படைத்து, யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் பின்னால் கனடாவரை அனுப்பி, மூவரைக் கொல்லவும் வைத்திருந்தேன். திங்கட்கிழமை கையெழுத்துப்படி சென்னைப் பதிப்பாளருக்குப் போகவேண்டும். பான்ஷி கடல் கடப்பாளா என்பதற்கு நான் வாசித்த நூல்களில் தெளிவான விடை இல்லை. கடக்கமாட்டாள் என்றால் என் அத்தியாயம் நிற்காது.

பார்க்டேலில் ஒரு மதுச்சாலையின் மேல்மாடியில், அயர்லாந்துக் கதைசொல்லி ஒருவர் தம் குடும்பத்துப் பான்ஷியின் கதையைச் சொல்லவிருந்தார். மாலை ஏழு மணி. கட்டணம் பதினைந்து டொலர். தூரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். வீடு விற்பனை முகவரான நண்பர் குணசீலன் காரில் கூட்டிச்செல்வதாகச் சொன்னார். ஐந்தரைக்கு வரவேண்டியவர் ஆறரைக்கு வந்தார். வந்தவர் வழியில் அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்ச் சிற்றுண்டிக் கடை வாசலில் காரை நிறுத்தினார்.

"இருங்கோ அண்ணை, ரோல்ஸ் எடுத்துக்கொண்டு ஓடி வாறன்."

"ஏழு மணிக்குத் தொடங்குது, குணா."

"ஏழெண்டு நோட்டீசிலதான் போடுவினம். விளக்கேத்தி, கீதம் பாடி, வரவேற்புரை முடிய எட்டரை ஆகும். பிறகு பிரதம விருந்தினர் வேற."

"அவையள் ஐரிஷ்காரர்."

"ஓம், அதுக்கென்ன? அவையளும் இங்கிலீஷ்காரனிட்ட அடிவாங்கின சனம்தானே. இன்னும் லேட்டாத்தான் தொடங்குவினம்."

இந்நகரில் நான் போன தமிழ் நூல் வெளியீடுகளை வைத்துப் பார்த்தால், அவருடைய கணிப்பில் பிழையில்லை. அதுதான் எனக்கு மேலும் எரிச்சலூட்டியது.

எட்டு மணி கடந்து படியேறியபோது கைதட்டல் கேட்டது. கதை முடிந்திருந்தது. சரியாக ஏழுக்குக் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கியிருக்கிறார்கள்.

கதைசொல்லியான பெண்மணி மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். மீண்டும் சொல்லமுடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சாவுக் கதையை ஒரே இரவில் இருமுறை சொல்வது தம் வீட்டு வழக்கமில்லை என்றார். கேள்வி இருந்தால் கேட்கலாமாம். பான்ஷி கடல் கடப்பாளா என்றேன்.

"கடப்பாள். என் மாமா இந்த நகரத்தில் இறந்தபோது நாங்கள் அவள் குரலைக் கேட்டோம்."

"அவரை எப்படிக் கொன்றாள்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொல்வதா? அவள் எங்கள் குடும்பத்தவள். எங்களுக்காக அழ வருகிறாள்."

திரும்பும் வழியில் குணசீலன் ரோல்ஸ் பையைப் பிரித்தார். "பாத்தீங்களே அண்ணை, சாவுக்கெண்டாலும் ஆள் நேரத்துக்கு முதலே வந்திடுறா."

"றோட்டைப் பார்த்து ஓட்டும்."

அயர்லாந்துக் கதைகளை உங்கள் எழுத்துக்கு எடுக்க நினைப்பவர்கள் வீரகாவியங்களோடு நின்றுவிடாதீர்கள்; கிராமத்தவர் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவான சிறு கதைகளையும் தேடி வாசியுங்கள். பேய் என்றதும் பழிவாங்கலை எதிர்பார்ப்பது நம் பழக்கம். அங்கே அது பெரும்பாலும் பொருந்தாது. இத்தகைய நிகழ்வுகளுக்கு அரைமணி நேரம் முந்திப் போங்கள், ரயிலில் போங்கள். தமிழ் நண்பரின் காரில் போகாதீர்கள்.

திங்கட்கிழமை கையெழுத்துப்படி போகவில்லை. மூன்று கொலைகளையும் நீக்கிவிட்டேன். அந்தப் பெண் இப்போது ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார்த் தரிப்பிடத்தில் நின்று அழுகிறாள், ஊரிலிருந்து தொலைபேசி வருவதற்கு முன்பே.