ஜெற்றை விழுங்கியவர்

என் கல்யாணத்தன்று சண்டிலிப்பாயிலிருந்து சுன்னாகத்துக்கு என்னை ஏற்றிவந்த வாடகைக் கார்க்காரர் பெரிய மீசைக்காரர். கார் இடக்குப் பண்ணினால் காபரேற்றரைக் கழற்றி, பெற்றோல் போகும் ஊசித்துளையுள்ள சின்னப் பித்தளை ஜெற்றை வாயில் வைத்து ஊதுவது அவர் வழக்கம்.

மருதனார்மடத்தில் கார் நின்றது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஜெற்றை ஊதினார், அடைப்பு எடுபடவில்லை. உறிஞ்சிப் பார்த்தார். பிறகு அசையாமல் நின்றார்.

"என்னண்ணை?" என்றேன்.

"விழுங்கிப்போட்டன், தம்பி."

"இனிக் கார் ஓடாதோ?"

"எப்பிடி ஓடும்? ஜெற் என்ரை வயித்துக்கை எல்லோ கிடக்கு."

வெங்காயம் ஏற்றிச் சந்தைக்குப் போன மாட்டுவண்டியை மறித்து, தலைப்பாகையோடு மூட்டைமேல் ஏறினேன். அவரைத் தனியே விட மனமில்லாமல் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். ஒருவாறு நேரத்துக்குப் போய்த் தாலியைக் கட்டினேன்.

பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்த கார்க்காரர் எழும்பவேயில்லை.

"காணுமோ, தம்பி? வயிறு நிறைஞ்சுதோ?" என்று மாமனார் அவரைக் கேட்டார்.

"எனக்குக் காணும் ஐயா. காருக்குத்தான் இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

கல்யாணத்தின் நாலாம் நாள், நாலாம் சடங்குக்கு எங்களை ஏற்ற அதே காரில் வந்தார். கார் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது. புது ஜெற்றோ, பழையதோ?

"கேளுங்கோவன்," என்று மனைவி என்னை இடித்தாள். அவர் அவ்வளவு நிம்மதியாக மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்க எனக்கு வாய் வரவில்லை.