மஞ்சளில் முங்கிய கப்பல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடலூரில் ஒரு மிளகு வியாபாரி வீட்டில் வேலை பார்த்தேன். அந்த வீட்டுக் கூடத்தில், துணியில் ஒட்டிய பழைய உலகப் படம் ஒன்று தொங்கும். ஐயாவின் தகப்பனார் கொச்சியில் வாங்கியதாம். அதில் நம் நாடு ஆட்டு நாக்குப் போல ஒடுங்கிக் கிடக்கும். கடலில் கொம்பு வைத்த மீன். அதன் பக்கத்தில் நம் கரையைப் பார்த்தபடி ஒரு கப்பல்.

"நம்ம மிளகைத் தேடித்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஐயா பெருமையாகச் சொல்வார்.

ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஒருவர் வந்தார். சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து அடித்தார். படத்தைக் கழற்றிப் பின்கட்டில் வைத்திருந்தோம். அதன் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. என் வீட்டில் அரிசிப் பூச்சிக்கும் மஞ்சள்தான், புண்ணுக்கும் மஞ்சள்தான். யாரையும் கேட்காமல் மஞ்சளைக் கரைத்துப் படம் முழுக்கப் பூசிவிட்டேன். மை கரைந்து ஓடியது. கப்பல் இருந்த இடத்தில் கறைதான் மிச்சம்.

ஐயா வந்து பார்த்தார்.

"அத்தனை புயலுக்கும் தப்பிச்ச கப்பலு, எங்க வீட்டுக்குள்ள வந்து முங்கிருச்சே!" சிரிப்பது போல ஆரம்பித்தவர் படத்தைத் தரையில் விரித்துப் பார்த்தார். வெள்ளையடிப்பவரைக் கூப்பிட்டார். "ஏப்பா, உன் மஞ்சத் தண்ணிதான?"

"சாமி சத்தியமா நான் இங்கன வரவே இல்லைங்கய்யா." சொல்லிக்கொண்டே அவர் குனிந்து படத்தைத் தொட்டார். விரலில் ஈரச் சுண்ணாம்பு. பட்ட இடம் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்தது.

காவி அப்படிச் சிவக்காது. சமையல் மஞ்சள்தான் சிவக்கும். வெள்ளையடிப்பவர் மஞ்சள் படிந்த என் கைகளைப் பார்த்தார். நான் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ஏத்தா, நீ பாத்தியா?" என்றார் ஐயா.

"நான் அடுப்படியில இருந்தேங்கய்யா."

வெள்ளையடிப்பவர் சிவந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "விடுங்கய்யா, நாந்தேன் கவனிக்காம தெளிச்சிருப்பேன்" என்றார். பாதிச் சுவரோடு அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தத் தெருவில் அதன்பின் ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஐயாவும் போய்ச்சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் ஆரத்தி கரைக்கச் சொன்னால், கைவலி என்று ஒதுங்கிக்கொள்வேன்.

அந்த வெள்ளையடித்தவர் ஊர் கடமலைக்குண்டு என்று ஞாபகம், வடுகபட்டியாகவும் இருக்கலாம். இடது காது மடல் கிழிந்திருக்கும். இல்லை, வலதோ? யாராவது விசாரித்துச் சரிபாருங்கள். ஆள் இருந்தால், அது என் மஞ்சள்தான் என்று ஐயா வீட்டு மக்களிடம் சொல்ல வேண்டும், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.