என் கேஸ் எனக்கு வேணும் என்றவர்

செய்தி முதலில் புகாராகத்தான் வந்தது. காலை பத்து மணி இருக்கும், திருவொற்றியூரில் உள்ள எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் போன் அடித்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையிலிருந்து யாரோ ஒரு டிரைவர் பேசினார். "உங்க வண்டி ஒண்ணு ஓரங்கட்டி நிக்குது. வரிசை நவுந்துகினே கீது. உள்ள குந்தினுகிறவரு இன்னா கத்தினாலும் திரும்ப மாட்றாரு" என்றார். வண்டி எண்ணைக் கேட்டேன். சவரிமுத்து அண்ணனின் வண்டி. தூங்கியிருப்பார், கதவைப் பலமாகத் தட்டுங்கள் என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு வைத்தேன். அரைமணி கழித்து அவரே மறுபடி அழைத்தபோது குரல் மாறியிருந்தது. நெஞ்சுவலி வந்ததும் அண்ணன் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டுத்தான் இறந்துபோயிருக்கிறார். தட்டுங்கள் என்று சொன்ன என் குரலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு ராயபுரத்தில் கூடிய நீங்கள் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்று பேசினீர்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்து செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அவர் பொறுமைசாலி இல்லை. பிடிவாதக்காரர். கடைசி ஐந்து மாதம் அவர் எதற்காகக் கோர்ட்டுக்கு நடந்தார் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. நடக்கவைத்தவன் நான். அதைச் சொல்லாமல் அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒருமுறை மீஞ்சூர் வரை அவர் வண்டியில் போனேன். உச்சிவெயில், காலி ரோடு. குறுக்கே யாரும் வராத ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்ததும் நிறுத்திவிட்டார். பின்னால் பைக்காரர்கள் ஹார்ன் அடித்தே காதைக் கிழித்தார்கள். போய்விடலாமே அண்ணே என்றேன். "நாப்பது டன்னு பாய் பின்னால. நிக்கணும்னு ரெண்டு நிமிசம் முன்னாடியே நெனச்சாத்தான் நிக்க முடியும். அந்தப் பழக்கத்த ஒரு நாள் வுட்டா போச்சு" என்றார். பச்சை விழுந்ததும் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பினார். இந்த மனிதருக்குத்தான் சிவப்பு விளக்கைத் தாண்டினார் என்று செலான் வந்தது.

செலான் என்றால் கேமரா எடுத்த படத்தோடு போனுக்கே வந்து விழும் அபராதச் சீட்டு. எங்கள் லாரிகளுக்கு வருவதெல்லாம் முதலாளி பேரில் என் கைக்குத்தான் வரும். அபராதம் பாக்கியிருந்தால் வண்டிக்கு எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்று, கிடைக்காது. அதனால் வந்த உடனே கட்டிவிடுவேன். டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்பதெல்லாம் கிடையாது. அவருடையதையும் டீ ஆறுவதற்குள் கட்டினேன். ஓட்டியவர் யார் என்று கேட்டிருந்த இடத்தில் அவருடைய லைசென்ஸ் எண்ணையும் நிரப்பினேன். சுறுசுறுப்பான ஆள் என்று எனக்கு ஆபீசில் பெயர் வேறு.

மூன்று வாரத்தில் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து அவர் வீட்டுக்குக் கடிதம் வந்தது. பணம் கட்டிக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், ஆகவே லைசென்ஸை ஏன் மூன்று மாதம் நிறுத்திவைக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அவருக்கு ஐம்பத்தேழு வயது. லைசென்ஸ் நின்றால் ஆளும் நிற்கவேண்டியதுதான் என்று முதலாளி முன்பே சொல்லிவைத்திருந்தார். கடிதத்தோடு கொருக்குப்பேட்டையிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தார்.

"இன்னா பாய் இது?"

"சிக்னல் தாண்டிட்டீங்க போல அண்ணே. கட்டிட்டேன், விடுங்க."

"நான் எங்க தாண்டினேன்? பின்னால ஆம்புலன்ஸ் கத்தினு இருந்துச்சு. முன்னாடி நின்ன போலீஸ்காரு வா வான்னு கை காட்னாரு, வந்தேன். கை காட்னா வெளக்கப் பாக்காதன்னுதானே லைசென்ஸ் குடுக்கறப்பவே சொல்லிக் குடுத்தாங்க?"

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நீ கேட்டியா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அந்த வழியும் இல்லாமல் போயிற்று.

ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு நல்ல அதிகாரி, கோர்ட்டில் உத்தரவு வாங்கி வாருங்கள், அதுவரை லைசென்ஸில் கை வைக்க மாட்டேன் என்றார். போக்குவரத்து வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்டுக்குப் போனோம். அங்கே வரிசை எப்படி நகரும் என்று போனவர்களுக்குத் தெரியும். பெயரைக் கூப்பிடுவார்கள், "ஒத்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும், நகர வேண்டும். குற்றம் என்ன என்று பாதிப் பேர் காதில் வாங்குவதுகூட இல்லை. அண்ணன் முறை வந்ததும் வரிசை நின்றது. பணம் கட்டி முடிந்துபோன கேஸுக்கு இங்கே என்ன வேலை என்று கிளார்க் கேட்டார்.

"எம்பேர்ல வேற ஆளு ஒத்துக்கினாரு சார்" என்றார் அண்ணன்.

கோர்ட்டே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்து, "கட்டின பணம் திரும்ப வேணுமா?" என்றார்.

"பணம் வேணாம்மா. என் கேஸ் எனக்கு வேணும்."

பின்னாலிருந்து ஒரு இளவட்டம் கத்தினான்: "யோவ் பெருசு, ஒத்துக்கினு போயேன். ஷிப்டுக்குப் போகணும்."

அண்ணன் திரும்பி, "நீ செஞ்சியாப்பா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கப் போற?"

"லீவு யாரு, நீ குடுப்பியா?"

அண்ணன் மறுபடி நீதிபதி அம்மா பக்கம் திரும்பினார். மனுவை எழுதிக் கொடுங்கள் என்று நீதிபதி அம்மா வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் அண்ணன், "அந்தப் புள்ள கேட்டது நாயம்தான் பாய். நாயம் கேக்கவும் லீவு வேணும்" என்றார்.

பிறகு வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருக்கு ஒரு டிரிப் கூலி போனது. படம் மட்டும் போதாது, முன்னும் பின்னும் அரை நிமிஷ வீடியோவைக் காட்டுங்கள் என்று அண்ணன் கேட்டார். அது அழிந்துவிட்டது, இந்த ஒரு படம்தான் மிச்சம் என்று போலீஸ் தரப்பில் பதில் வந்தது. கை காட்டிய போலீஸ்காரருக்கு சம்மன் போனது. மூன்று முறை அவர் வரவில்லை. அண்ணன் அந்தச் சிக்னலுக்கே போய் அவரைப் பார்த்துப் பேசியிருந்தார். கேமரா வைத்த பிறகு கையால் வண்டி விடக்கூடாது என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்களாம், ஒப்புக்கொண்டால் அவருக்கு மெமோவாம். "அவனுக்கும் வூடு வாசல் கீது. திட்டாத பாய்" என்றார். நான் வண்டி வண்டியாகத் திட்டினேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள், "அண்ணே, நானும் வண்டியில இருந்தேன், கை காட்டினதைப் பார்த்தேன்னு சொல்லிடறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். செய்த தப்பைக் கழுவ அதைவிட்டால் வழி தெரியவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அன்னிக்குப் பாக்காமலே ஒத்துக்கின. இன்னிக்குப் பாக்காமலே சாட்சி சொல்றேன்ற. நீ செஞ்சத மட்டும் சொல்லு பாய், போதும்." அப்படியே கூண்டில் ஏறி, இவரைக் கேட்காமல் பணம் கட்டியவன் நான்தான் என்று சொன்னேன். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாய்தாவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அண்ணன் போய்விட்டார்.

அந்த வாய்தாவுக்கு இறப்புச் சான்றிதழோடு நான் போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள். காகிதத்தை நீட்டினேன். மனுதாரர் இறந்துவிட்டதால் மனு முடிகிறது என்று நீதிபதி அம்மா சொல்லி, அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார். திரும்பினால் கடைசி பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து என்னிடம் வந்தார். "அவரு இல்லையா? சொல்லிடலாம்னுதான் வந்தேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். பிடிக்கவில்லை. கோர்ட் என்றும் பார்க்காமல் அங்கேயே கத்தினேன். "அம்மா, கை காட்டினவரு வந்திருக்காரு. ஒரு தடவை கேட்டுடுங்கம்மா."

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "காட்டினீங்களா?"

"காட்டினேன்மா. ஆம்புலன்ஸுக்கு வழி விடச் சொன்னேன். அவரும் விட்டாரு."

மனு முடிந்துவிட்டது, இதை இனி எழுத இடமில்லை என்று நீதிபதி அம்மா மெதுவாகச் சொன்னார். என்மேல் கோபப்படவில்லை.

ஆகவே இன்றைக்கும் ஏட்டில் சவரிமுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டவர்தான். ஒப்புக்கொண்ட விரல் என்னுடையது. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது முடியாத அந்த வழக்குதான். அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன். எழுத அங்கே இடமில்லை என்றார்கள், அதனால் அவரைத் தெரிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் இங்கே எழுதுகிறேன்: எங்கள் சவரி அண்ணன் அன்று சிவப்பைத் தாண்டவில்லை. ஒரு ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டார்.