மூணு விசில்

எங்கள் வீட்டுக் குக்கருக்குக் காவல் இருக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது எனக்கு ஆறு வயது. வேலையைக் கொடுத்தது சித்தி. சித்தப்பாவைக் கல்யாணம் முடித்து, கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து அவளுக்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சித்தப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. அது உளுந்து எடுப்புக் காலம் என்பதால் அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சமையல், பாத்திரம், நான் என்று மீதி எல்லாம் சித்தியின் பொறுப்பு.

பிள்ளை வளர்ப்பில் சித்திக்குப் பெரிய ஆர்வம் ஒன்றும் கிடையாது. சாயங்காலச் சீரியலை இடைஞ்சல் இல்லாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை அடுப்படியில் உட்கார்த்தி வைப்பாள். இருபது சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். உளுந்தில் கல் பொறுக்க வேண்டும். அரிசிக்குத் தண்ணீர் அளந்து ஊற்ற வேண்டும். அவள் கை எப்போதும் மாவிலோ புளியிலோ இருக்கும் என்பதால் முகத்தை என் பக்கம் திருப்பி, தாடையால் சாமானைக் காட்டிக் காட்டித்தான் பேசுவாள். அவள் வாய் அசைவதையும் கண் போகும் இடத்தையும் பார்த்தே எனக்கு எல்லாம் விளங்கிவிடும். கடுகு துள்ளினால் உளுந்தைப் போட வேண்டும், உளுந்து சிவந்தால் கறிவேப்பிலை. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் மந்தம். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். நான் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே எழுதுவேன். கேள்வி கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பேன். இன்னொரு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று டீச்சர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருந்தார். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை என்று இரண்டு முறை முதுகில் அடியும் வைத்திருக்கிறார்.

எனக்கு அதில் வருத்தம் இருந்தாலும் குக்கர் உத்தியோகம் வந்த பிறகு கொஞ்சம் கௌரவமாக இருந்தது. எங்கள் குக்கர் பழசு. மற்ற வீட்டுக் குக்கர்கள் மாதிரி ஊரைக் கூட்டாது. 'உஸ்' என்று பெருமூச்சு விடும். விசில் என்றால், உச்சியில் இருக்கும் வெயிட் எழும்பி வெள்ளையாக ஆவி பீறிடுவது என்றே நான் நினைத்திருந்தேன். மூன்று தடவை ஆவி வந்ததும், "சித்தி, மூணு!" என்று டிவி முன்னால் போய் நிற்பேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்றைக்குப் புது உளுந்து வந்திருந்தது. கரிசல் கட்டி எது, உளுந்து எது என்று தெரியாத கறுப்பு. வெளிச்சம் வேண்டுமென்று பின்வாசலைப் பார்த்து உட்கார்ந்து பொறுக்கினேன். அடுப்பு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இடையிடையே திரும்பிப் பார்த்தேன். பார்த்தபோதெல்லாம் குக்கர் சும்மாதான் இருந்தது.

விளம்பரம் போட்ட நேரத்தில் சித்தி எழுந்து வந்தாள்.

"ஏட்டி, எத்தனை விசில் வந்துது?"

"இன்னும் ஒண்ணுகூட வரலை சித்தி."

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சரியாக அந்த நேரத்தில்தான் குக்கர் அடுத்த விசிலை விட்டதாம். நானோ அவள் முகத்தைப் பார்த்து, "நெசமா வரலை" என்று மறுபடியும் சொல்லியிருக்கிறேன். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது. "இந்தா, இப்பதான் ஒண்ணு வருது" என்று சந்தோஷமாகக் காட்டினேன்.

சித்தி கிரைண்டரை நிறுத்தினாள். என்னைப் பழையபடி உளுந்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, நாலடி பின்னால் போய், "முறுக்கு வேணுமாட்டி?" என்று மெல்லக் கேட்டாளாம். பிறகு கொஞ்சம் சத்தமாகக் கேட்டாளாம். முறுக்கை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை இல்லை நான். ஆனால் உளுந்தை விட்டுத் தலை நிமிரவில்லை. அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றாமல் பருப்பு கருகிய பிறகுதான், வாடையை வைத்து நான் திரும்பினேன். சித்தி அழுதுகொண்டிருந்தாள். பருப்புக்காக அழுகிறாள் என்று நினைத்து, எனக்கும் அழுகை வந்தது.

காட்டிலிருந்து வந்த அம்மா கொதித்துவிட்டாள் என்று பின்னாளில் சித்தி சொல்லியிருக்கிறாள்.

"வந்து மூணு மாசத்துல எம்பிள்ளையைச் செவிடுன்னு சொல்லுதியா?"

"அக்கா, நான் குத்தம் சொல்லலை. இவ மந்தமும் இல்லை, திமிரும் இல்லை. ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணின்னு கேளுங்க, டக்குனு சொல்லுவா. ஆனா முன்னால நின்னு கேளுங்க. பின்னால நின்னு கேட்டா அவளுக்குத் தெரியாது."

அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். என்னென்ன சொல்லிக் கூப்பிட்டாளோ, எனக்குத் தெரியாது. நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எதிரே இருந்த அப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. அப்படி ஒரு முகத்தை அவருக்கு நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போனோம். வழியெல்லாம் அம்மா என்னை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் என் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். அடிக்கடி சளி பிடித்து உள்ளே நீர் கட்டியிருக்கிறது, மருந்தில் வற்றிவிடும் என்றார். காதின் வாசலில் அடைத்திருந்தது வேறு சங்கதி. சளிக்கு நல்லதென்று அம்மா ஊற்றிய எண்ணெயும் காட்டுப் புழுதியும் அழுக்கும் சேர்ந்து கட்டியாகியிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சி அவர் அதை வெளியே எடுத்தார். கோடைக் கரிசல் போல இறுகிய இரண்டு கறுப்பு உருண்டைகள். "பயப்படாதீங்க, நல்லாக் கேக்கும்" என்று டாக்டர் சொன்னதும், அம்மா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் நான் காதைப் பொத்திக்கொண்டு அலறினேன். ஆட்டோ, பஸ், பூக்காரி எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நான் அழ அழ அம்மாவும் அப்பாவும் சிரித்தார்கள். பெற்றவர்களுக்கு இப்படியும் கல்மனசு இருக்குமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கையை விடுங்கக்கா, சோறு பொங்குது" என்றாள் சித்தி.

அன்று அந்திக்கு நான் வாசலில் மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா காட்டுக்கே போகவில்லை. பின்னாலிருந்து, "பாப்பா" என்றார். திரும்பினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி விளையாடினேன். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, இன்னும் மெதுவாக, "பாப்பா" என்றார். திரும்பினேன். அப்போதும் ஒன்றுமில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் ஒரு தடவை, தொழுவத்துப் பக்கமிருந்து ஒரு தடவை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்னப்பா வேணும்? சும்மா சும்மா கூப்பிடுதீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, நீ விளையாடு" என்றார். வேலை வெட்டி இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, மண்ணை அள்ளி வேறு பக்கம் போட்டு விளையாடப் போனேன்.