கொடியில் தொங்கிய சட்டை

என் கணவர் போய் ஒன்றரை மாதம் ஆகியும் அவர் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சாகவில்லை. சேலம் போய்வருகிறேன் என்று பஸ் ஏறியவர் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

ஏற்காட்டில் நாங்கள் இருந்த எஸ்டேட் வீடு அவர் வேலைக்காகக் கொடுத்தது. அவர் இல்லையென்றால் வீடும் இல்லை. நாலு வயதுப் பெண்ணோடு எங்கே போவேன்? அவர் மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறார் என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொல்லிவிட்டேன். யாரையும் உள்ளே விடவில்லை. என் மகளும் அதை நம்பிவிட்டாள். காலிப் பாயைக் காட்டி, "அப்பாவுக்கும் கஞ்சி ஊத்தும்மா" என்பாள். ஐப்பசி மூடுபனியில் அந்தச் சட்டை ஆடினால், யாரோ நிற்கிறார் என்று நானே பயந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் குகைக் கோயிலுக்கு ஏறினேன். குகைக்குள் நின்று அழுதேன். சாமி, இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை, பிள்ளைக்கு ஒரு கூரை காட்டு என்று கேட்டேன்.

திரும்பி வந்தால் கொட்டும் மழையில் ரைட்டர் கொடிக்கருகே குடையோடு நிற்கிறார். போகும் அவசரத்தில் சட்டையை எடுக்க மறந்திருந்தேன்.

"ஏம்மா, காத்தால இருந்து சட்டை நனையுது. ஊட்டுல இருக்கறவரு எடுத்துப் போட மாட்டாருங்களா?"

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அவரு ஊட்டுல இல்லீங்கய்யா. போயி நொம்ப நாளாச்சுங்க."

வீட்டை விட்டாக வேண்டும், அது தன் கையில் இல்லை என்றார். பிறகு, பிள்ளையோடு தனித்து நிற்கும் பெண்களை ஒரு வருடம் தங்கவைக்கும் இல்லம் வெள்ளக்கடையில் இருக்கிறது, தன் தங்கையும் அங்கே இருந்துதான் தேறினாள் என்று சொல்லி, அங்கேயே நின்று போன் போட்டார். சாமியிடம் கேட்டு அரை நாள்கூட ஆகவில்லை.

இல்லத்தில் முதல் மாதம் நான் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. யார் கூப்பிட்டாலும் காலி செய்யச் சொல்லத்தான் என்று மூட்டையைக் கையில் எடுத்துவிடுவேன். பொறுப்பாளர் அக்காதான் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வருசம் முடியற மட்டும் இது உங்க ஊடுங்க" என்று சொல்லித் தன் கையால் பிரித்து வைத்தார். வருடம் முடியும்போது குப்பனூரில் ஓட்டல் வேலையும், என் பெயரிலேயே ஒரு வாடகை வீடும் அமைந்தன.

பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் சொல்கிறேன். கூரைக்காகப் பொய்யைக் காத்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, சேர்வராயனிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் கைவிட மாட்டார்.

போன வாரம் மகள், அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். வரமாட்டார் என்று முதன்முறையாகச் சொன்னேன். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று நான் அவள் வாயைப் பொத்தவில்லை.